நின்றுபோன தையல் இயந்திரம் மீண்டும் ஓடும்

மனிதன் ஆடை உடுத்தத் தொடங்கிய காலந்தொட்டு ஊசியும் நூலும் அவனோடு இருந்து வருகின்றன. ஆனால் அந்த ஊசியைக் கையிலிருந்து வாங்கிச் சக்கரத்தோடு இணைத்த தையல் இயந்திரத்திற்கு வயது இருநூறு கூட நிரம்பவில்லை. இந்தக் குறுகிய காலத்திற்குள் அது நம் வீடுகளில் ஒரு குடும்ப உறுப்பினரைப் போலவே ஆகிவிட்டது. பாட்டிக்குச் சீராக வந்தது, அம்மாவின் கைக்கு மாறி, இன்று நம் வீட்டுக் கூடத்தின் மூலையில் நிற்கிறது.

நிற்கிறது என்று சொன்னேன். ஓடுகிறது என்று சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு, அதற்கும் மேலே பூச்சாடியை வைத்திருக்கிறோம். “அது ரிப்பேர், சுற்றவே சுற்றாது” என்பதே அதைப்பற்றி வீட்டில் சொல்லப்படும் செய்தி. ஒரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் குரல் கொடுக்கிறார். சுமார் 13 கிலோ எடையுள்ள அதன் வார்ப்பிரும்புத் தலைப்பகுதி இரும்பு விலைக்குத் தராசில் ஏறுகிறது. ஒரு குடும்பத்திற்குச் சோறு போடக்கூடிய கருவி, ஒரு வேளைக் கறிகாய்ச் செலவிற்குப் போய்விடுகிறது.

அது உண்மையில் கெட்டுப்போய்விட்டதா? பெரும்பாலும் இல்லை. ஓடாத இயந்திரத்திற்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று இறுகல்; மற்றொன்று தேய்வு. இறுகிய இயந்திரத்திற்கு வேண்டியவை எண்ணெயும் பொறுமையும். தேய்ந்த இயந்திரத்திற்கு வேண்டியது புதிய உறுப்பு. இறுகியதைப் பலங்கொண்டு திருகினால் அது உடையும். தேய்ந்ததற்கு எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தால் துணி அழுக்காகுமே தவிரத் தையல் திருந்தாது. இந்த இரண்டையும் பிரித்து அறிவதுதான் பழுது பார்ப்பதன் முதற்பாடம். அதைத் தெரிந்துகொண்டால், நம்மில் பலர் வீட்டு இயந்திரங்களை நாமே மீட்டுவிடலாம்.

சிறிது வரலாறு

1830-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பார்த்தலமி திமோனியே என்ற தையற்காரர் ஓர் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தம் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய மற்றத் தையற்காரர்கள் அவருடைய இயந்திரங்களை உடைத்து எறிந்தார்கள். பிறகு அமெரிக்காவில் 1846-இல் எலியாஸ் ஹோவும், 1851-இல் ஐசக் மெரிட் சிங்கரும் காப்புரிமை பெற்றனர். துணியைச் சீராக முன்னே நகர்த்தும் பல்லமைப்பிற்கு 1854-இல் ஆலன் வில்சன் காப்புரிமை பெற்றார். இன்றும் நம் இயந்திரத்தில் துணியை நகர்த்துவது அந்த அமைப்பின் வழிவந்ததே.

நம் நாட்டுக்கு வந்த பழைய சிங்கர் இயந்திரங்களில் பல ஸ்காட்லாந்து நாட்டின் கிளைடுபேங்க் என்னும் ஊரில் செய்யப்பட்டவை. அங்கே 1885-இல் திறக்கப்பட்ட பெருந்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது. உங்கள் வீட்டு இயந்திரத்தின் அடித்தகட்டில் உள்ள எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது அங்கே பிறந்தது என்று கொள்ளலாம். 1930-களின் நடுவில் கல்கத்தாவில் ஜெய் என்ஜினீயரிங் நிறுவனம் தொடங்கப்பட்டு, ‘உஷா’ இயந்திரம் நம் நாட்டிலேயே உருவாகத் தொடங்கியது.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 1924-இல் ஜி. இராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியடிகளிடம், எல்லா இயந்திரங்களையும் தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். அடிகள் இல்லை என்று கூறி, தையல் இயந்திரத்தை ஒரு விலக்காக எடுத்துக் காட்டினார். உழைக்கும் பெண்ணின் சிரமத்தைக் குறைக்கவேண்டும் என்ற அன்பு அதன் பின்னால் இருப்பதாக அவர் கருதினார். அந்த இளைஞரே பிற்காலத்தில் தம் துணைவியார் டாக்டர் சௌந்திரம் அம்மையாரோடு சேர்ந்து, 1947-இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர்.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது என்ன?

எந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் பழுது பார்க்க முடியாது. நாம் கையால் தைக்கும்போது ஒரே நூல்தான். இயந்திரத்திலோ இரண்டு நூல்கள். மேல்நூல் ஊசியில் வருகிறது. கீழ்நூல் பாபினில் இருக்கிறது. கை ஊசிக்குக் காது மேல் முனையில். இயந்திர ஊசிக்கோ கூர்முனைக்கு அருகில். ஊசி துணியைக் குத்திக் கீழே இறங்கி, மீண்டும் மேலே கிளம்பும்போது, நூல் அதன் பின்புறம் ஒரு சிறு வளையமாகப் பிதுங்குகிறது. அந்தக் கணத்தில் ஷட்டிலின் கூரிய மூக்கு வளையத்திற்குள் நுழைந்து, அதைப் பாபினைச் சுற்றி இழுத்துச் செல்கிறது. மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. பிறகு மேலே உள்ள நெம்பு நூலை இழுக்க, முடிச்சு துணியின் நடுவில் அமர்கிறது. ஊசி துணியை விட்டு வெளியே இருக்கும் நேரத்தில் கீழேயுள்ள பற்கள் எழும்பித் துணியை ஒரு தையல் அளவு தள்ளிவிட்டுத் தாழ்கின்றன.

இவையெல்லாம் கைச்சக்கரத்தின் ஒரே சுற்றில் நடந்து முடிகின்றன! எல்லா உறுப்புகளும் ஒரே தண்டில் கட்டுண்டவை. ஆகவே எங்கோ ஓரிடத்தில் ஒரு நூல் துண்டு சிக்கினாலும் முழு இயந்திரமும் நின்றுவிடுகிறது. “சுற்றவே மாட்டேன் என்கிறது” என்றால் இயந்திரம் முழுவதும் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. ஓர் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். அந்த இடத்தைத் தேடவேண்டும்.

நோய் எங்கே? மூன்று சோதனைகள்

சோதனையைத் தொடங்குமுன் ஊசியையும் நூலையும் கழற்றி விடுங்கள். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வையுங்கள். மோட்டார் பொருத்திய இயந்திரமானால் மின் இணைப்பைப் பிளக்கோடு பிடுங்கிவிட வேண்டும்.

முதற் சோதனை: பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தள்ளிவிட்டு, கால்மிதியை மட்டும் ஆட்டிப் பாருங்கள். கீழ்ச்சக்கரம் இலேசாகச் சுற்றினால் கீழே குறையில்லை. சுற்றவில்லையானால் கோளாறு காலடியில்தான். பெரிய சக்கரத்தின் அச்சில் நூலும் தலைமுடியும் சுற்றி, ஒரு கயிறு போல இறுகியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். அதைப் பிளேடால் பக்குவமாக அறுத்தெடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும். மேலே இருக்கும் இயந்திரத்தைக் குறை கூறிக்கொண்டிருப்போம். குற்றவாளியோ கீழே ஒளிந்திருப்பான்!

இரண்டாம் சோதனை: கைச்சக்கரத்தின் நடுவில் உள்ள வட்டத் திருகை, பாபின் சுற்றும்போது செய்வதுபோலத் தளர்த்துங்கள். இப்போது கைச்சக்கரம் தனியே சுற்ற வேண்டும். சுற்றினால் சக்கரத்தில் குறையில்லை. இறுகல் தலைப்பகுதிக்குள் இருக்கிறது. சுற்றவில்லையானால் சக்கரத்திற்கும் உடலுக்கும் இடையே நூல் சிக்கியிருக்கலாம். அல்லது பழைய எண்ணெய் காய்ந்து பிடித்திருக்கலாம்.

மூன்றாம் சோதனை: திருகை மீண்டும் இறுக்கிவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். கைக்கு என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். சிறிது தூரம் இலேசாகப் போய், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ‘டக்’கென்று முட்டி நின்றால், ஏதோ ஒரு கடினப் பொருள் குறுக்கே கிடக்கிறது, ஒடிந்த ஊசியின் முனையோ, ஷட்டிலில் சிக்கிய நூல்கட்டியோ அது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக, வெல்லப்பாகில் கரண்டி விட்டதுபோல நகர்ந்தால், அது காய்ந்த எண்ணெய். சற்றும் அசையாவிட்டால் எண்ணெய் நன்றாகக் கெட்டித்துவிட்டது, அல்லது துரு ஏறியிருக்கிறது.

ஷட்டிலைச் சுத்தம் செய்தல்

முட்டி நிற்கும் இயந்திரத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஷட்டில். நம் நாட்டில் பெரும்பான்மையான வீட்டு இயந்திரங்கள் சிங்கரின் 15-ஆம் வகை அமைப்பைப் பின்பற்றியவை. வட்டப் பாபின், அதைத் தாங்கும் பாபின் கேஸ், அதன் பின்னால் ஷட்டில் என்ற வரிசை இவற்றில் இருக்கும்.

கைச்சக்கரம் அசையுமானால் ஊசித்தண்டை மிக மேலான நிலைக்குக் கொண்டு வாருங்கள். நகரும் தகட்டை இழுத்து, பாபின் கேஸை வெளியே எடுங்கள். உள்ளே ஒரு வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு கொக்கிகள் தெரியும். அவற்றைத் திருப்பினால் வளையம் விடுபடும். அதன் பின்னால் பிறை நிலா வடிவில் இருப்பதே ஷட்டில். அதை நடுமுளையைப் பிடித்து மெல்ல வெளியே எடுக்கலாம். எடுத்ததை ஒரு தட்டில் எடுத்த வரிசைப்படியே வையுங்கள். பின்னர் பூட்டும்போது வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும். கைபேசி இருந்தால் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

ஷட்டில் ஓடும் பள்ளத்தில் பஞ்சுத் துகளும் எண்ணெயும் சேர்ந்து கம்பளிபோல ஒட்டியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுங்கள். ஒரே ஒரு நூலிழை அங்கே சிக்கியிருந்தாலும் இயந்திரம் நின்றுவிடும் என்பதை மறவாதீர்கள். பள்ளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஷட்டிலை மீண்டும் வையுங்கள். பிறை வடிவ ஷட்டிலும் அதைத் தள்ளும் அரைவட்ட உறுப்பும் சேர்ந்து ஒரு முழுவட்டமாக அமைய வேண்டும். அமையாவிட்டால் தவறாக வைத்திருக்கிறோம் என்று உடனே தெரிந்துவிடும். பிறகு வளையத்தை வைத்துக் கொக்கிகளைப் பூட்டுங்கள்.

மிகப் பழைய இயந்திரங்களில் தோணி வடிவமான நீண்ட ஷட்டில் இருக்கும். அதில் பாபினும் நீளமான குச்சி போன்றது. அதன் பாதையையும் இதே முறையில் துடைத்து எண்ணெய் இடலாம்.

காய்ந்த எண்ணெயை இளக்குதல்

பல ஆண்டுகள் ஓடாமல் நிற்கும் இயந்திரத்தை இறுக்குவது அநேகமாகப் பழைய எண்ணெய்தான். அதிலும் வீட்டில் இருக்கிறதே என்று சமையல் எண்ணெயை விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து நாளடைவில் பிசினாகிவிடும். எண்ணெய்ச் சட்டியின் விளிம்பில் மஞ்சளாகப் படியும் பிசுக்கு இருக்கிறதே, அதேதான் இயந்திரத்தின் மூட்டுகளிலும் படிகிறது. தேங்காய் எண்ணெயோ குளிர்காலத்தில் உறைந்தே விடும். ஆகையால் தையல் இயந்திரத்திற்கென்று விற்கும் தெளிவான மெஷின் எண்ணெயைத் தவிர வேறெதையும் விடக்கூடாது.

காய்ந்ததை இளக்கச் சிறிது மண்ணெண்ணெய் உதவும். கிடைக்காவிட்டால் கவலையில்லை, மெஷின் எண்ணெயே அந்த வேலையைச் செய்யும், நாள்தான் கூடுதலாக ஆகும். மண்ணெண்ணெயைக் கையாளும்போது அடுப்போ விளக்கோ அருகில் இருக்கக்கூடாது. சன்னல்களைத் திறந்து வைக்கவேண்டும். சிறுமிகள் பெரியவர்கள் துணையின்றி இதைச் செய்யவே கூடாது.

இயந்திரத்தின் மேலே காணும் எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். முகத்தகட்டைக் கழற்றி, ஊசித்தண்டும் பாதத்தண்டும் ஏறி இறங்கும் இடங்களில் விடுங்கள். இயந்திரத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து, அடியில் எங்கெல்லாம் ஓர் இரும்பு மற்றோர் இரும்பின்மேல் உராய்கிறதோ அங்கெல்லாம் விடுங்கள். பிறகு என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்ய வேண்டாம்! ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் ஒரு விரற்கடை அளவு ஆட்டிப் பாருங்கள். அசையாவிட்டால் மீண்டும் சொட்டு விட்டுக் காத்திருங்கள். சற்று நேரம் இளவெயிலில் வைத்தால் பிசின் இளகும். சில இயந்திரங்கள் ஒரே நாளில் இணங்கும். சில ஒரு வாரம் கூடப் பிடிவாதம் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். சக்கரத்தில் கட்டையைக் கொடுத்து நெம்புவதும், சுத்தியலால் தட்டுவதும் நடக்கின்றன. வார்ப்பிரும்பு வளையாது, உடைந்துவிடும். எண்ணெயால் தீர்ந்திருக்க வேண்டிய கோளாறு, தீராத முறிவாக மாறிவிடுகிறது. பதறாத காரியம் சிதறாது என்பது இதற்கும் பொருந்தும்.

சக்கரம் ஒரு முழுச்சுற்று சுற்றிவிட்டால் பாதி வெற்றி. அழுக்கு நீர்போலப் பழுப்பாக வழிவதைத் துணியால் துடைத்துக்கொண்டே சுற்றுங்கள். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தடுக்காது. எனவே அது வெளியேறியதும் எல்லாத் துளைகளிலும் மெஷின் எண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சில நிமிடங்கள் ஓட்ட வேண்டும்.

மேற்புறத்தைத் துடைக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய சிங்கர் இயந்திரங்களின் கறுப்பு உடலில் உள்ள பொன்னிறக் கோலங்களுக்கு மேலே அரக்கைக் கொண்டு செய்த பூச்சு உண்டு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும். கோலமும் அதோடு போய்விடும். மெல்லிய துணியில் மெஷின் எண்ணெயைத் தொட்டுத் துடைப்பதே போதுமானது.

அசையாத திருகாணிகள்

துருப்பிடித்த திருகாணியைக் கழற்றச் சிறிய திருப்புளியைப் பயன்படுத்தினால், திருகாணியின் வாய் நசுங்கிவிடும். அதன்பின் எந்தத் திருப்புளியாலும் அதைக் கழற்ற இயலாது. பள்ளத்தை முழுதும் நிரப்பும் அகலமும் தடிப்பும் உள்ள திருப்புளியே வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைத்து, முதலில் இறுக்கும் பக்கமாக இம்மியளவு திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கமாகத் திருப்புங்கள். துருவின் பிடி அந்தச் சிறு அசைவில் விட்டுப்போகும்.

கழற்றிய திருகாணி தொலைந்துவிட்டால் வேறொன்றைத் திணிக்காதீர்கள். சிங்கர் இயந்திரத்தின் திருகாணிகளில் பல அந்நிறுவனத்திற்கே உரிய அளவில் புரியிடப்பட்டவை. கடையில் கிடைக்கும் பொதுத் திருகாணி உடலில் உள்ள புரியை அழித்துவிடும்.

கைச்சக்கரத்தை முழுதும் கழற்றிப் பூட்டியபின், திருகை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் மட்டும் சுற்றி ஊசி அசையாமல் இருப்பதுண்டு. அல்லது பாபின் சுற்றும்போது திருகைத் தளர்த்தினாலும் ஊசி நிற்காமல் இருப்பதுண்டு. அதைக் கண்டு கலங்க வேண்டாம். உள்ளே காதுகள் வைத்த ஒரு வாஷர் இருக்கிறது. அதைக் கழற்றி அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தேய்ந்த உறுப்புகளும் அவற்றின் அடையாளங்களும்

இப்போது இரண்டாவது நோய்க்கு வருவோம். இயந்திரம் இலேசாகச் சுற்றுகிறது. ஆனால் தையல் சரியில்லை. இங்கே எண்ணெய் உதவாது. தேய்ந்த உறுப்பு எது என்பதைத் தையலே நமக்குச் சொல்லும்.

ஊசி: தையல் விட்டு விட்டு விழுந்தாலும், துணி கீறினாலும், முதலில் ஊசியை மாற்றுங்கள். ஊசியைக் கண்ணாடித் தகட்டின்மேல் கிடத்திப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18 என்ற எண் ஊசிகள் ஏற்றவை. ஊசியின் நீண்ட பள்ளமுள்ள பக்கத்திலிருந்து நூலைக் கோக்கவேண்டும். தட்டையான பக்கம், ஷட்டிலின் மூக்கு வந்து கடக்கும் பக்கத்தை நோக்கி இருக்கவேண்டும்.

பெல்ட்: கால் மிதித்தும் மேற்சக்கரம் வழுக்கினால் தோல்பெல்ட் நீண்டுவிட்டது. கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புதிதாகத் துளையிட்டு மாட்டுங்கள். அதிகம் இறுக்கினால் மிதிக்கக் கனமாகிவிடும்.

பாபின் சுற்றும் ரப்பர் வளையம்: இது காய்ந்து கல்லாகிவிட்டால் பாபினில் நூல் சுற்றாது. சிறிய பொருள், புதிதாக வாங்கி மாட்டுவதே வழி.

பாபின் கேஸ்: கீழ்நூல் தளர்ந்து, துணியின் மேற்பக்கம் புள்ளிகளாகத் தெரிகிறதா? பாபின் கேஸை நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானே வழுக்கி இறங்கக்கூடாது. கையை இலேசாக உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் அதன் தகட்டு ஸ்பிரிங்கிலுள்ள சிறு திருகாணியைக் கால்சுற்று இறுக்குங்கள். ஸ்பிரிங்கின் அடியில் நூல் அறுத்த கோடு விழுந்திருந்தால் மாற்றவேண்டியதுதான்.

நூலை இறுக்கும் வட்டத்தகடுகள்: மேல்நூல் தளர்ந்தால் துணியின் அடிப்பக்கம் வளையம் வளையமாகத் தொங்கும். தகடுகளுக்கிடையே பஞ்சு சிக்கியிருக்கிறதா என்று பாதத்தைத் தூக்கி வைத்துத் துடையுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போதுதான் தகடுகள் நூலை இறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பல ஆண்டுகள் நூல் ஓடியதால் தகட்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதியது வாங்குங்கள்.

ஊசித்தகடு: நூல் அடிக்கடி பிய்ந்து அறுந்தால், ஊசி இறங்கும் துளையை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். வளைந்த ஊசி முட்டி முட்டி அங்கே பிசிறு எழும்பியிருக்கும். மிக நைசான எமரித் தாளைத் திரியாக முறுக்கித் துளைக்குள் விட்டு இழுத்து இழுத்து மெருகேற்றலாம். ஷட்டில் மூக்கில் உள்ள சிறு பிசிறையும் இப்படியே நீக்கலாம். ஆனால் மூக்கின் கூர்மை மழுங்கிவிட்டால் புதிய ஷட்டில்தான் தீர்வு.

துணி நகர்த்தும் பற்கள்: துணி ஒரே இடத்தில் நின்று முடிச்சு விழுந்தால், ஊசித்தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பற்களின் இடுக்கில் பஞ்சு அடைந்து பலகைபோல் இறுகியிருக்கும். குண்டூசியால் கெல்லி எடுத்தபின்னும் துணி நகராவிட்டால், பற்கள் கூர்மையிழந்து வழவழப்பாகி விட்டன, மாற்ற வேண்டும்.

கால்மிதியின் இணைப்புகள்: ஒவ்வொரு மிதிக்கும் ‘லொட் லொட்’ என்ற ஓசை கேட்டால், மிதியையும் சக்கரத்தையும் இணைக்கும் கோலின் மூட்டு தேய்ந்து தளர்ந்திருக்கிறது. பூட்டு நட்டைத் தளர்த்தி, முனைத் திருகை ஓசை நிற்கும்வரை இறுக்கி, மீண்டும் நட்டைப் பூட்டுங்கள்.

உறுப்பு கிடைக்குமா என்ற கவலை பலருக்கு உண்டு. 15-ஆம் வகை அமைப்பை உலகின் பல நாடுகளும் அப்படியே பின்பற்றியதால், ஊசி, பாபின், பாபின் கேஸ், ஷட்டில் போன்றவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தும். பழைய உறுப்பைக் கையோடு கடைக்கு எடுத்துச் சென்று, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே நன்று.

எங்கே நிறுத்த வேண்டும்?

தெரிந்ததைச் செய்வது அறிவு. தெரியாததை விட்டுவிடுவது அதனினும் பெரிய அறிவு. ஊசி மிகக் கீழான நிலையிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் மேலேறும்போது, ஷட்டிலின் மூக்கு ஊசிக்காதுக்குச் சற்று மேலே வந்து சேர வேண்டும். புதிய நல்ல ஊசி போட்டும் இந்தச் சந்திப்புத் தவறுமானால், ஊசித்தண்டின் உயரமோ ஷட்டிலின் நேரமோ மாறியிருக்கிறது. அதைத் திருத்துவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடுமானால் அதுவும் அவரிடமே போகவேண்டும். பழைய மோட்டார்களின் வயர்கள் உறை வெடித்திருந்தால் வீட்டில் தொடவே கூடாது. என்றாலும், கோளாறு இன்னதென்று நாம் தெரிந்துகொண்டு போனால், வேண்டாத வேலைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியிராது.

வருமுன் காத்தல்

தினமும் தைப்பவர் தினமும் ஒரு சொட்டு வீதம் எண்ணெய் இட வேண்டும். எப்போதாவது தைப்பவர் மாதம் ஒருமுறையேனும் இடவேண்டும். எண்ணெய் இட்டதும் வீண்துணியில் ஓட்டி, மிகுதியைத் துடைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஷட்டில் பள்ளத்தின் பஞ்சை நீக்க வேண்டும். மழைக்காலத்தில் மூடி வைக்கும் இயந்திரத்தையும் இடையிடையே நாலு சுற்றுச் சுற்றி வைத்தால் துரு அண்டாது. ஐந்து நிமிட வேலைதான் இது. ஆனால் ஐம்பது ஆண்டு ஆயுளைத் தருவது.

மாணவியரே, தைக்கத் தெரிந்த பெண்ணுக்குத் தன் கையே துணை. அந்தக் கருவியைச் சீர்செய்யவும் தெரிந்துவிட்டால் அவள் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. கணவரை இழந்த ஒரு தாய்க்கு, படிப்பைத் தொடர முடியாத ஒரு தங்கைக்கு, மூலையில் கிடக்கும் அந்த இயந்திரம் நாளை கூலியாகவும் கௌரவமாகவும் மாறலாம். உங்கள் வீட்டில் ஓர் இயந்திரத்தைச் சரிசெய்துவிட்டு, தேவையில்லை என்று தோன்றினால், தேவைப்படும் ஒரு வீட்டிற்கு அதைக் கொடுங்கள். இரும்புக்கடைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பெற்றோரே, இந்த விடுமுறையில் உங்கள் மகள் திருப்புளியும் எண்ணெய்க் குப்பியுமாக அந்தப் பழைய இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால், தடுக்காதீர்கள்; அருகில் உட்கார்ந்து கொள்ளுங்கள். கையில் கறை படியும். சோப்புப் போட்டால் போய்விடும். அவள் கற்றுக்கொள்ளும் பொறுமை போகாது. விரிப்பை அகற்றுங்கள், பூச்சாடியை இறக்குங்கள், சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். நின்றுபோனவை எல்லாம் முடிந்துபோனவை அல்ல.